காகிதத்தில் ஒரு வாத்யம்

ஸாக்ஸோட்ரோம்பா என்று ஒரு பித்தளை வாத்யம் இருந்தது. 1845ல் பாரிஸில் காப்புரிமை பெற்றது. பிரெஞ்சுக் குதிரைப்படை பேண்டுகளுக்கென்று செய்யப்பட்டது. 1867 வாக்கில் அந்தப் படையிலிருந்தே காணாமல் போயிற்று. பிறகும் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பம் வரை பட்டறைகளில் அவ்வப்போது ஒன்றிரண்டு உருவாகி, ஓபரா அரங்குகளில் எப்போதாவது தலைகாட்டியது. சங்கீத அகராதிகளில் பத்து வரி தேறும். செய்தவன் அடால்ஃப் ஸாக்ஸ், பெல்ஜியத்தின் தினான் ஊர்க்காரன், 1814ல் பிறந்தவன். உலகம் அவனை ஸாக்ஸஃபோனுக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. இதற்காக அல்ல.

நான் சங்கீத விமர்சகன் இல்லை. கவிதை பற்றி எழுதுகிறவன். பகலில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்து பத்திரங்கள் படிக்கிறவன். இந்த வாத்யம் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு இந்த இரண்டு தொழில்களும்தான் காரணம். காதுக்கு இதில் பங்கில்லை. ஸாக்ஸோட்ரோம்பாவை நான் கேட்டதில்லை.

முதலில் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பித்தளைக் குழாயின் முனையில் உதடுகளை வைத்து அதிர வைத்தால் எல்லா ஸ்வரங்களும் வந்துவிடாது. அந்த நீளம் எதை அனுமதிக்கிறதோ அவை மட்டும்தான் வரும். கீழே அவற்றுக்கிடையே பெரிய பெரிய பள்ளங்கள், மேலே போகப் போக நெருக்கம். ராணுவ ஊதுகுழல்கள் பல நூற்றாண்டுகள் இந்தச் சில ஸ்வரங்களைக்கொண்டே எழுந்திரு, ஏறு, பாய், திரும்பு என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தன. கட்டளைக்கு அது போதும். பாட்டுக்குப் போதாது. 1818ல் ஸ்டோல்ஸெல், ப்ளூமெல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் சேர்ந்து பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வால்வை அழுத்தினால் காற்று ஒரு உபரிக் குழாயைச் சுற்றிவிட்டு வருகிறது, குழல் அந்த க்ஷணத்துக்கு நீண்டுவிடுகிறது, ஸ்வரம் இறங்குகிறது. நடு வால்வு அரை ஸ்வரம் இறக்கும், முதலாவது ஒன்று, மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் பள்ளங்கள் நிரம்பிவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பித்தளைக்கு வாய் திறந்தது இப்படித்தான்.

வால்வு ஸ்வரங்களைத் தந்தது. குரலைத் தருவது வேறொன்று: குழாயின் உட்புறம் எப்படி விரிகிறது என்பது. ட்ரம்பெட்டிலும் ட்ராம்போனிலும் குழாய் பெரும்பகுதி ஒரே அகலமாக ஓடிக் கடைசியில் திடீரென்று வாய் மலர்கிறது. ஒலி கூர்மையாக, வெளிச்சமாக வருகிறது. பிகிள் வகையில் குழாய் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போகிறது. ஒலி உருண்டு, மெத்தென்று வருகிறது. 1842ல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த ஸாக்ஸ் இந்த இரண்டாவது வகையை எடுத்து, வால்வு பூட்டி, உச்சத்திலிருந்து அடி வரை ஒரே சாயலில் ஒரு குடும்பமாக்கினான். அதுதான் ஸாக்ஸ்ஹார்ன். பிறகு ட்ரம்பெட்டுக்கும் ஸாக்ஸ்ஹார்னுக்கும் நடுவில் ஒரு விரிவைக் கற்பனை செய்து, அதற்கும் ஒரு குடும்பம் அமைத்தான். அதுதான் ஸாக்ஸோட்ரோம்பா.

நடுவில். இந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

குதிரை இல்லாமல் இந்த வாத்யம் இல்லை. குதிரை மீது உட்கார்ந்து ஊதுகிறவனுக்கு என்னென்ன கஷ்டங்கள் என்று நாம் யோசித்ததில்லை. முன்னோக்கி நீளும் குழல் குதிரையின் தலையில் இடிக்கிறது. குதிரை தலையைத் தூக்கினால் ஊதுகிறவனின் பல்லுக்கு ஆபத்து. பக்கவாட்டில் நீட்டினால் அடுத்த வீரனின் மேல் படுகிறது. ஒரு கை கடிவாளத்துக்கு வேண்டும். ஸாக்ஸ் குழலை நிமிர்த்தி வாய் வானம் பார்க்கும்படி வைத்தான்; உடம்போடு ஒட்டி இடது கையிடுக்கில் அணைத்துக்கொள்ளலாம்; இடது கை கடிவாளத்துக்கு, வலது கை வால்வுகளுக்கு. ஒலி குதிரைகளின் தலைக்கு மேலே எழும்பிப் போகும். கொம்பு வாத்யமான ஃப்ரெஞ்சு ஹார்னைக் குதிரை மீது வைத்து வாசிப்பது சிரமம் என்பதால் அதன் இடத்தை நிரப்பத்தான் இது வந்திருக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் இதன் அழகியலைக் குதிரையின் கழுத்து தீர்மானித்திருக்கிறது. வடிவம் உள்ளடக்கத்திலிருந்து பிறக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். மிருகங்களை நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அதே 1845ம் வருஷம், ஏப்ரல் 22ந் தேதி, பாரிஸில் ஷாம்ப் த மார்ஸ் மைதானத்தில் ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் ராணுவ சங்கீதப் பள்ளியின் தலைவர் கராஃபா, பழைய ஓபோக்களும் பஸூன்களும் கொண்ட பழைய பேண்டுடன். மறு பக்கம் ஸாக்ஸ், தன் புதிய பித்தளைகளுடன். ஸாக்ஸ் தரப்பில் சிலர் வரவேயில்லை. ஆள் குறைவோடுதான் வாசித்தான். இருபதாயிரம் பேர் கூடினார்கள் என்று சொல்வார்கள். திறந்தவெளியில் ஓபோ கரைந்துவிட்டது, பித்தளை நின்றது. ராணுவம் ஸாக்ஸின் வாத்யங்களை ஏற்றுக்கொண்டது. ஒரு அரசாங்கம் ஒலியின் குணத்தை மைதானத்தில் வைத்து, ஜனங்கள் முன்னால் தீர்மானித்தது என்பது எனக்கு இன்றும் விசித்திரமாக இருக்கிறது. கூடவே கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை ராணுவத்தின் தேவை என்ற ஒரே காதால்தான் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓபோவின் குற்றம் அது மென்மையாக இருந்ததுதான்.

இனி அந்தக் காப்புரிமைப் பத்திரம். என்னைத் தடுத்து நிறுத்தியது அதுதான். ஸாக்ஸோட்ரோம்பா என்ற வாத்யத்துக்கு உரிமை கேட்கிற ஸாக்ஸ் அதோடு நிற்கவில்லை. இந்த அமைப்பைச் சிறு மாறுதல்களுடன் ஸாக்ஸ்ஹார்ன், கார்னெட், ட்ரம்பெட், ட்ராம்போன் எல்லாவற்றுக்கும் பொருத்தலாம் என்று சேர்த்துவிடுகிறான். நம் பக்கத்து பழைய கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கம். நாலு செண்டு நிலம் விற்கிறவன், நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று பூமிக்கு அடியில் புதையல் இருந்தால் அதையும் சேர்த்து எழுதிக்கொடுப்பான். நிலம் ஒரு சாக்கு; பாத்தியதைதான் விஷயம். ஸாக்ஸின் பத்திரத்தில் ஸாக்ஸோட்ரோம்பா அந்த நாலு செண்டு. அதைச் சுற்றி அவன் போட்ட வேலி பித்தளை வாத்யங்களின் முழு வயலையும் வளைத்துக்கொள்கிறது. நிமிர்ந்த வடிவில் யார் எந்தக் குழல் செய்தாலும் அவன் கோர்ட்டுக்குப் போகலாம்.

போனான். அவனுக்கு முன்னால் மற்றவர்கள் போனார்கள். 1846ல் பாரிஸின் வாத்யம் செய்கிறவர்கள் ஒன்று சேர்ந்து ஸாக்ஸோட்ரோம்பா, ஸாக்ஸஃபோன் இரண்டின் காப்புரிமையையும் ரத்து செய்யச் சொல்லி வழக்குத் தொடுத்தார்கள். இதில் புதிதாக எதுவுமில்லை, எல்லாம் முன்பே இருந்தவை என்பது அவர்கள் வாதம். ஜெர்மனியில் ராணுவ பேண்டுகளைச் சீர்திருத்திய வீப்ரெக்ட்டும் ஸாக்ஸை நேரில் பார்த்தபோது இதையேதான் சொன்னான்: இவை எங்களிடம் ஏற்கனவே உண்டு என்று. அவன் அப்படிச் சொல்லத் தகுதியானவன்தான்; பேஸ் ட்யூபாவுக்கு 1835லேயே மோரிட்ஸுடன் சேர்ந்து காப்புரிமை வாங்கியவன். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. நடுவில் 1848 புரட்சி வந்து, ராணுவம் ஸாக்ஸைக் கைவிட்டது. 1852ல் திவாலானான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மறுபடி தலையெடுத்தான். 1854ல் ரூவான் நீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்பளித்தது. 1860ல் முடிய வேண்டிய உரிமையை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக் கொடுத்தார்கள். அத்தனை வருஷமும் ஸாக்ஸோட்ரோம்பா மைதானத்தில் ஒலித்ததைவிட நீதிமன்றத்தில் உச்சரிக்கப்பட்டதே அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல நையாண்டிக் கதை. காப்புரிமைக்காகவே பிறந்த வாத்யம், சட்டத்தின் சிருஷ்டி, காகிதத்தில் மட்டுமே ஜீவித்தது. இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது மிகவும் ரசித்தார். நம் இலக்கியத்திலும் இப்படித்தான் என்று உடனே அவர் உதாரணம் தேட ஆரம்பித்தார். தேட வேண்டியதில்லை, கைநிறையக் கிடைக்கும். வசன கவிதை, யாப்பில்லாக் கவிதை, புதுக்கவிதை என்று ஒரே குழந்தைக்கு எத்தனை பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை தகப்பன்மார், யார் முதல் என்று எத்தனை வியாஜ்யம். பெயர் வைப்பது விமர்சனம் அல்ல, பட்டா வாங்குவது என்று நான் பல தடவை எழுதியிருக்கிறேன்.

ஆனால் நண்பரின் சிரிப்பில் எனக்கு ஒப்புதல் இல்லாத ஒன்று இருந்தது. நடுவில் இருப்பது எதுவும் பொய் என்கிற சிரிப்பு அது. ட்ரம்பெட் என்றால் ட்ரம்பெட், ஹார்ன் என்றால் ஹார்ன், நடுவில் என்ன வேண்டியிருக்கிறது? இதை நான் வேறு வார்த்தைகளில் பத்து வருஷமாகக் கேட்டுவருகிறேன். நம் சின்ன வட்டத்தில் ஒருவன் உருவவாதியாக இருக்க வேண்டும் அல்லது சமூகப் பிரக்ஞை உள்ளவனாக இருக்க வேண்டும். இரண்டு அணியும் அவனவனுக்கு ஒரு பத்திரிகை வைத்திருக்கிறது. ஒரு கவிதையைப் பற்றி அதன் சொல்லமைப்பையும் அது எழுந்த வயிற்றையும் ஒரே மூச்சில் பேசினால், இவன் சமரசவாதி, இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன் என்பார்கள். நடு என்றால் சராசரி என்று அவர்கள் முடிவு கட்டியாயிற்று.

ஒரு குழாயின் உள்விரிவு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ட்ரம்பெட்டையும் பிகிளையும் சேர்த்து இரண்டால் வகுத்தால் ஸாக்ஸோட்ரோம்பா வந்துவிடாது. ஒவ்வொரு விரலளவிலும் குழாய் எவ்வளவு அகல வேண்டும் என்று புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஸ்வரம் சேராது. ட்ரம்பெட்டுக்கு முன்னோர்களின் அளவு இருக்கிறது, தவறினால் திருத்த நூறு மாதிரிகள் இருக்கின்றன. நடுவில் இருப்பவனுக்கு மாதிரி கிடையாது. அவன் ஒலி சரியா தப்பா என்று சொல்லவே ஆள் கிடையாது. பெர்லியோஸ், ஸாக்ஸை 1842லேயே பத்திரிகையில் புகழ்ந்து தூக்கிவிட்டவர், தன் வாத்ய சாஸ்திர நூலின் 1855 பதிப்பில் ஸாக்ஸின் புதிய வாத்யங்களைச் சேர்த்தபோது ஸாக்ஸோட்ரோம்பாவுக்கும் சில வரிகள் ஒதுக்கினார். ஸாக்ஸ்ஹார்னைவிட அதன் குரல் கூரியது என்பது அவர் காதின் சாட்சியம். எவ்வளவு சின்னதானாலும் அது ஒரு சாட்சியம். கேட்ட காது ஒன்று இருந்திருக்கிறது. பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு வாத்யமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; பத்திரம் படிப்பதே தொழிலாக இருப்பதால் பத்திரத்தின் எல்லை எனக்குத் தெரியும். மாமரம் அட்டவணையில் இல்லை என்பதால் மாங்காய் புளிக்காமல் போகாது.

நண்பர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஸாக்ஸ் பட்டறையில் செய்யப்பட்டு இன்று மியூஸியங்களில் இருக்கும் குழல்களை ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். எது ஸாக்ஸ்ஹார்ன், எது ஸாக்ஸோட்ரோம்பா என்று கோடு கிழிப்பது, அதிலும் ஆல்டோ, பாரிடோன் அளவுகளில், சுலபமாக இல்லை. இரண்டு குடும்பங்களும் நிமிர்ந்த வடிவத்துக்கு வந்துவிட்ட பிறகு வெளித்தோற்றத்தில் வித்யாசம் போய்விட்டது. வித்யாசம் உள்ளே மட்டும்தான் மிஞ்சியது. அதுவும் சில மில்லிமீட்டர். ஸாக்ஸே இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைக்கவில்லை. பிரிக்காமல் வைப்பது வழக்குக்குச் சௌகரியம். தன் நடுவைத் தானே குழப்பிய ஒருவனுக்காக நான் வாதாடுகிறேனோ என்று தோன்றாமலில்லை. இருந்தாலும் பேராசைக்காரன் போட்ட வேலிக்குள்ளும் ஒரு நிஜமான செடி முளைக்கக்கூடும் என்றே நினைக்கிறேன்.

என் தாய்மாமன் ஒருவர் ஊர் பேண்டு செட்டில் யூஃபோனியம் வாசித்தவர். யூஃபோனியத்துக்கு ஜெர்மன் பக்கத்து வம்சாவளி உண்டு என்றாலும் ஸாக்ஸ்ஹார்னுக்கு அது நெருங்கிய பங்காளி. இந்தப் பித்தளைகள் இங்கே வந்த வழி சுற்றுவழி. 1844ல் டிஸ்டின் என்ற ஆங்கிலக் குடும்பம், தகப்பனும் பிள்ளைகளுமாகக் கச்சேரி செய்கிறவர்கள், பாரிஸில் ஸாக்ஸைச் சந்தித்து அவன் குழல்களை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பினார்கள். அங்கே சுரங்க ஊர்களிலும் ஆலை ஊர்களிலும் பித்தளைக் குழுக்கள் பெருகின. வெள்ளைக்காரப் பட்டாளம் போன இடமெல்லாம் பேண்டும் போயிற்று. பட்டாளம் போன பிறகும் சிவப்புக் கோட்டும் பித்தளையும் நம் கல்யாண ஊர்வலங்களிலும் சாவு ஊர்வலங்களிலும் தங்கிவிட்டன.

மாமா அந்த வாத்யத்தைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, "பெருசு" என்பார். பாட்டு ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் போய்விடும், தாளம் ட்ரம்முக்கு. பெருசு நடுவில் எதையோ முனகிக்கொண்டிருக்கும். "மாமா, நீங்க எந்தப் பாட்டு வாசிக்கிறீங்கன்னே தெரியலையே" என்று சின்ன வயதில் கேட்டேன். "தெரிஞ்சா நான் தப்பா வாசிக்கிறேன்னு அர்த்தம் மாப்ளே" என்றார். அதை அப்போது ஹாஸ்யமாக எடுத்துக்கொண்டேன். ஒரு தடவை முன்பல் பிடுங்கிக்கொண்டு பதினைந்து நாள் அவரால் ஊத முடியவில்லை. அவர் இல்லாமல் செட் போயிற்று. தெருவில் நின்று கேட்டேன். அதே சினிமாப் பாட்டு, அதே ட்ரம்பெட், ஒரு ஸ்வரம் குறையவில்லை. ஆனால் மேலே ட்ரம்பெட்டும் கீழே ட்ரம்மும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் இருந்த ஓட்டை வழியாக பஸ் ஹாரனும் யாரோ அழுவதும் கேட்டது. பேண்டு சத்தத்துக்கு அடியில் அழுகைச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாமா காலமான பிறகு பெருசை ஒரு பாத்திரக்கடையில் போட்டார்கள். கடைக்காரர் தராசில் வைத்து, அடிபட்ட இடங்களைத் தட்டிப் பார்த்து, பழைய பித்தளை விலைக்கு எடுத்துக்கொண்டார். வால்வுகளுக்கு வேறு உலோகம் என்று எடை கழித்தார். ஸாக்ஸும் 1873லும் 1877லும் மறுபடி மறுபடி திவாலானான். வாழ்நாளெல்லாம் சேர்த்த வாத்யங்கள் 1877ல் ஏலத்துக்குப் போயின. ஏலம் நடக்கும்போது அவன் உயிரோடிருந்தான் என்பதுதான் கொடுமை. 1894 வரை இருந்தான்.

ஸாக்ஸஃபோனுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் ராணுவ பேண்டுக்காக வந்ததுதான். பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் ராணுவ மாணவர்களுக்கு ஸாக்ஸ் 1857லிருந்து அதைச் சொல்லிக்கொடுத்தான். 1870 யுத்தத்தோடு வகுப்பு மூடிற்று. பிறகு அது அமெரிக்கா போய் ஜாஸ்ஸின் தொண்டையாயிற்று. மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்ட கத்ரி கோபால்நாத், 2019ல் மறைகிறவரை அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். கமகம் வழுக்கும்படி சாவிகளையே திருத்திக்கொண்டார். அப்படி ஒரு இரண்டாவது ஜன்மம் எடுக்கிற வாத்யம் பாக்கியம் செய்தது. அதற்குக் காரணம் அது யார் நடுவிலும் இல்லை, தனக்கென்று ஒரு தனிக் குரலோடு நின்றது என்று சொல்லிவிடலாம். அது நண்பருக்குச் சாதகமான வாதம். அதற்கு என்னிடமிருக்கும் பதில் வாக்னர். 1853ல் பாரிஸில் ஸாக்ஸின் பட்டறைக்குப் போனவர், ஹார்னுக்கும் ட்ராம்போனுக்கும் இடையில் ஒரு குரல் வேண்டுமென்று பிற்பாடு தனியாகவே ஒரு ட்யூபாவைச் செய்வித்து, 1876ல் பைராய்த்தில் தன் நாலு நாள் ஓபராவில் ஒலிக்கவிட்டார். அந்த யோசனைக்கு விதை ஸாக்ஸின் பட்டறையில் விழுந்தது என்று பலர் சொல்வதுண்டு. எந்தக் குழலைப் பார்த்து விழுந்தது என்பதில் நான் ஆரூடம் சொல்லப்போவதில்லை. நடுவில் ஒரு குரல் தேவைப்பட்ட காது ஐரோப்பாவில் ஒன்றுக்கு மேல் இருந்தது, அவ்வளவுதான் என் கட்சி.

இங்கிலாந்தின் பித்தளைக் குழுக்களில் பாரிடோன் என்று ஒரு குழல் இன்றும் இருக்கிறது. யூஃபோனியம் அளவே நீளம், ஆனால் உட்புறம் அதைவிடக் குறுகல். குரலும் கொஞ்சம் மெலிந்தது. ஒரு குழுவில் இரண்டு பேர் வாசிப்பார்கள். அது ஸாக்ஸ்ஹார்ன் வழியா, ஸாக்ஸோட்ரோம்பா வழியா என்று கேட்டால் அந்த இரண்டாவது பாரிடோன்காரருக்குப் பதில் சொல்ல அவகாசம் இருக்காது. பதினாறு பார் மௌனம் முடிந்து எங்கே நுழைய வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்.